நாலாவது பத்தி

வெள்ளிக்கிழமை பசார் மாலாமில்
அப்பம் பாலிக் தட்டுக்கு முன்னால்
அஞ்சலை நிற்கிறாள்.
நான் முதலில் சிரிக்கக் கூடாது.
அவள் சிரித்தால் சிரிக்கலாம்.
எங்கே பழக்கம் என்று யாராவது கேட்டால்
அவள் சொல்வதுதான் பதில்.
நெறிக் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
கையேட்டை எழுதியவர்கள்
லாபிஸ் பக்கம் வந்ததில்லை போலும்.
ஒரே கடைத்தெரு உள்ள ஊரில்
பார்த்தும் பாராமல் போகிறவளுக்கு
வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

(அஞ்சலை அவள் பெயரல்ல.
கீழே வரும் தொகையும் வேறு.
மழையை மட்டும் மாற்றவில்லை.)

அவர்கள் வருவது சனிக்கிழமை.
ஸ்டேஷன் எதிரே டயர் கடை மாடி,
மூன்று நாற்காலி, டிஷ்யூ பெட்டி.
ஒட்டுப்பலகைச் சுவர் என்பதால்
கதவுக்கு வெளியே ஒரு வானொலியைப்
பாடவிட்டிருக்கிறேன்.
ரகசியத்துக்கு அதுதான் காவல்.

முதல் நாள் பாரத்தை வாசித்துக் காட்டினேன்:
நான் பயிற்சியில் இருப்பவள்.
பேசுவது பதிவாகும், மேற்பார்வையாளர் கேட்பார்.
உயிருக்கு ஆபத்தென்றால் வெளியே சொல்வேன்.
நாலாவது பத்திக்கு வந்தபோது
கூட்ஸ் ரயில் வந்தது.
சக்கரங்களுக்கு மேலே வாசித்தேன்.
என் காதுக்கே கேட்கவில்லை.
தவசீலன் தலையாட்டினார்.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன், இருவரிடமும்,
கடைசிப் பெட்டி கடக்குமுன்.

ஆறாவது சனி, மழை.
கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வருகிறேன் என்று
அஞ்சலை இறங்கிப்போன நாலு நிமிடத்தில்
அவர் சொன்னார்:
"மிஸ், தோட்டம் வித்த காசு வந்திருச்சு.
பதினெட்டாயிரம். போன தீபாவளிக்கு முந்தியே.
தம்பிகிட்ட கொடுத்துட்டேன்.
அவ இன்னும் கேசு நடக்குதுன்னு நினைக்கிறா.
உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல?"

படியில் ஈரச் செருப்பின் சத்தம்.
அஞ்சலை முகம் துடைத்துக்கொண்டே
"என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றாள்.

"மழையைப் பத்தி."

சொன்னது அவரல்ல.
நான்.

அன்றிரவு பதிவைக் கேட்டேன்.
என் குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது.
நாற்பது நிமிட அமர்வை
ஏட்டில் ஒரு மணி என்று எழுதியிருந்தேன்.
பட்டயத்துக்கு இன்னும் எண்பத்தொன்பது மணி.
இவர்கள் போய்விட்டால்
இந்த ஊரில் எனக்கு வேறு தம்பதி இல்லை.
இங்கே சண்டைகள்
போலீசுக்குப் போகும், சாமியாடியிடம் போகும்.
டயர் கடை மாடி ஏறாது.

பதிவை அழிக்கலாம்.
மழை இரைச்சல், ஒன்றும் விழவில்லை எனலாம்.
அழிக்கவில்லை.
அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை;
அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று
அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேற்பார்வையாளர் சுபாங்கினி
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
ஜொகூர் பாருவில், திரைக்குள்,
கேட்டு முடித்து அசையாமல் இருந்தாள்.
லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
போகவில்லை.
"ரயில் போனப்புறம்
திரும்ப வாசிச்சீங்களா அக்கா?"

நாலாவது பத்தி இது:
ஒருவர் தனியே சொன்னதை
மற்றவர் அறியாமல் நான் வைத்திருக்க மாட்டேன்.
அவரே சொல்ல அவகாசம் தருவேன்.
சொல்லாவிட்டால் அமர்வுகளை நிறுத்துவேன்.

புதன்கிழமை தவசீலனுக்குப் போன் செய்து
ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.
சரியாக வாசிக்காதது என் தப்பு என்றேன்.
பின்னால் மில்லின் கொதிகலன் சீறிக்கொண்டிருந்தது.
"அப்ப நீங்களும் அவ கட்சிதான்" என்றார்.
இல்லை என்பதற்குள் வைத்துவிட்டார்.
ஏட்டில் ஒரு மணியை அடித்து நாற்பது என்று எழுதினேன்.
அதனால் யாருக்கும் எதுவும் சரியாகிவிடவில்லை.
மழையைப் பத்தி என்றேனே,
அதை அடிக்க ஏடு இல்லை.
அவள் முகத்துக்கு நேரேதான் சொல்ல வேண்டும்.

நாளை சனி.
வருவார்களா, ஒருவர் மட்டுமா, தெரியாது.

அஞ்சலை திரும்பிப் பார்க்கிறாள்.
அவள்தான் முதலில் சிரிக்கிறாள்.
அப்பத்துக்குச் சில்லறை எண்ணியபடியே சொல்கிறாள்:
"நாளைக்கும் மழை வரும் போல, மிஸ்.
இந்தத் தடவை கண்ணாடிய
ஏத்திட்டுத்தான் மேல வருவேன்."